பெயர்களைக் காத்தவர்கள் (ஸ்பெயின் உள்நாட்டுப் போர் – தொடர் 23)

வட ஸ்பெயினில் பர்கோஸ் நகரத்துக்குச் சற்றுத் தள்ளி சான் பெத்ரோ தெ கார்தேஞா என்றொரு பழைய மடம் இருக்கிறது. கிளர்ச்சித் தளபதி பிராங்கோவின் படையினர் அதைச் சிறைக்கொட்டடியாக்கி, பிடிபட்ட வெளிநாட்டுத் தொண்டர்களை 1938-ல் நூற்றுக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். பேனும் பசியும் அடியுமாகக் கழிந்த நாள்கள் அவை. அந்தக் கைதிகளில் ஒருவர் தம் பெயர் ஜான் ஸ்மித் என்று சொல்லியிருந்தார். அவருடைய சொந்த ஊர் நாக்பூர். வீட்டில் வைத்த பெயர் கோபால் முகுந்த் ஹுத்தார்.

ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் தொடக்க காலத்தில் அதன் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர் ஹுத்தார். பின்னர் இதழியல் படிக்க லண்டனுக்குப் போனார். அங்கே அவர் பார்வை அடியோடு மாறியது. 1937-ல் ஸ்பெயினுக்குப் போய், குடியரசுக்காகப் போரிட்ட சர்வதேசப் படையணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பிடிபட்டார். ஜான் ஸ்மித் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவரைத் தேடியிருந்தால் யாராலும் நாக்பூருக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. அவர் உயிரோடு விடுதலையாகி, இந்தியா திரும்பி, தானே மேடையேறிப் பேசியதால் நமக்குத் தெரிகிறார். அப்படித் திரும்பாத ஜான் ஸ்மித்துகள் எத்தனை பேர்!

சென்ற வாரம் பார்சிலோனாவில் அந்தத் தொண்டர்களுக்கு நடந்த பிரிவுபசார ஊர்வலத்தோடு நிறுத்தியிருந்தோம். 1938 அக்டோபர் 28. வீதியெங்கும் பூ. மாடிகளிலிருந்து பெண்கள் அழுதுகொண்டே கையசைத்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் தொலோரெஸ் இபாருரி பேசும்போது, ஸ்பெயினின் தாய்மார்களைப் பார்த்து, காயம் ஆறிய பிறகு உங்கள் பிள்ளைகளுக்கு இவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வாரக் கதை. போர்க்கதை அளவுக்கே நீளமானது. சில இடங்களில் அதைவிட வலிமிகுந்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 32,000 முதல் 35,000 தொண்டர்கள் வரை வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கணக்கு ஏன் இப்படி ஆயிரக்கணக்கில் ஊசலாடுகிறது? அவர்கள் வந்த விதமே காரணம். 1937 ஜனவரியில் பிரிட்டன் அரசு, 1870-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, ஸ்பெயினுக்குப் போய்ச் சண்டையிடுவது குற்றம் என்று அறிவித்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டுகளில் ஸ்பெயின் பயணத்துக்குச் செல்லாது என்று முத்திரை குத்தினார்கள். பிரெஞ்சு எல்லை மூடப்பட்டபின் தொண்டர்கள் இரவில், கயிற்று அடி வைத்த துணிச்செருப்பு அணிந்து, கடத்தல்காரர்களின் ஒற்றையடிப் பாதை வழியே பிரனீஸ் மலையைக் கடந்தார்கள். பேசக்கூடாது, புகைபிடிக்கக்கூடாது. விடியும்போது தெற்கே ஸ்பெயின் தெரியும். இப்படி வந்தவர்கள் உண்மைப் பெயரைச் சொல்வார்களா? ஜெர்மனியிலும் இத்தாலியிலும் போலந்திலும் அவர்களுடைய குடும்பங்கள் இருந்தன. பெயர் வெளியே தெரிந்தால் அண்ணன் தம்பிகள் சிறைக்குப் போகவேண்டும்.

அல்பசெத்தே நகரில்தான் படையணிகளின் தலைமைத் தளம். அங்கே போய்ச் சேர்ந்ததும் பலரிடம் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டார்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். ஃபின்லாந்துக்காரர் பெயரும் உக்ரைன்காரர் பெயரும் ஸ்பானிய உச்சரிப்பில் உருமாறின. வாங்கிய கடவுச்சீட்டுகளில் பல திரும்பி வரவே இல்லை.

அவற்றில் ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். யுகோஸ்லாவியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய தோனி பாபிச் என்ற தொண்டர் ஸ்பெயினில் இறந்தார். அவருடைய கனடா கடவுச்சீட்டு சோவியத் உளவுத்துறையின் கைக்குப் போனது. அதைத் திருத்தி பிராங்க் ஜாக்சன் என்ற பெயரில் ஒருவனிடம் கொடுத்தார்கள். அவன் பெயர் ரமோன் மெர்காதேர். 1940 ஆகஸ்டில் மெக்சிகோவில் டிராட்ஸ்கியின் மண்டையைப் பிளந்தவன். பாசிசத்தை எதிர்த்து உயிர்விட்ட ஒரு குடியேறியின் தாள், ஒரு கொலைகாரனின் சட்டைப்பையில்! அந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்கமுடியாது.

தாங்கள் மறக்கப்படுவோம் என்ற அச்சம் தொண்டர்களுக்கே இருந்தது என நினைக்கிறேன். எப்ரோ ஆற்றுப் போர் உச்சத்தில் இருந்த 1938-ன் கோடையில், பாந்தோல்ஸ் மலைமேட்டில் 15-ஆம் படையணியினர் தங்கள் கையாலேயே சிமென்டில் ஒரு நடுகல் எழுப்பினார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த மலை அது. தண்ணீரையே கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே சிமென்ட் குழைத்து, இறந்த தோழர்களின் பெயரை எழுதினார்கள். பிராங்கோ வென்றபின் அவர்கள் நினைவாக இருந்தவற்றையெல்லாம் தேடித் தேடி உடைத்தார்கள். ஆளரவமற்ற இடத்தில் இருந்ததால் இந்தக் கல் தப்பித்தது. பல பத்தாண்டுகள் புதருக்குள் கிடந்து, பிறகு மீட்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. இன்றும் அங்கே நிற்கிறது.

மாட்ரிட்டுக்கு வடக்கே ஃபுவென்கரால் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாட்ரிட் முற்றுகையிலும் ஹராமா போரிலும் மாண்ட சுமார் 450 தொண்டர்களை அங்கே முறையாகப் புதைத்து, பெயர்ப் பலகை வைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் வெற்றி பெற்றவர்கள் பலகைகளை அகற்றி, எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பொதுக்குழியில் கொட்டினார்கள். இறந்தவனைத் தண்டிக்க அவன் பெயரை அவனிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஹராமாவில் மட்டும் எத்தனை பேர் மாண்டார்கள் என்று இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். 1937 பிப்ரவரி 12 காலையில் சுமார் 600 பேராகப் போன பிரிட்டிஷ் பட்டாளத்தில், சில நாளிலேயே போரிடும் நிலையில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 225 பேர்.

ஆக, இந்த நினைவைக் காத்தது யார்? அரசுகள் காக்கவில்லை. நான் படித்தவரை, ஒவ்வொரு நாட்டிலும் அரசு கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. சில நாடுகளில் அது நினைவை அழிக்கும் பக்கம் நின்றது.

அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் சுமார் 2,800 பேர். நான்கில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பவில்லை. அவர்கள் சேர்ந்த லிங்கன் பட்டாளத்துக்கு 1937-ல் சில காலம் தலைமை தாங்கியவர் ஆலிவர் லா என்ற கறுப்பினத்தவர். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்த ஓர் அமெரிக்கப் படைப்பிரிவைப் போரில் நடத்திய முதல் கறுப்பினத் தளபதி அவர்தான். ஜூலை மாதம் புருனேத்தே போரில் முன்னணியில் ஓடும்போது சுடப்பட்டு இறந்தார். அமெரிக்க ராணுவத்தில் நிறப்பிரிவினையை ஒழிக்கும் உத்தரவே 1948-ல்தான் வந்தது. இப்படிப்பட்ட வரலாற்றை ஒரு நாடு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா? 1947-ல் அமெரிக்க அரசு லிங்கன் பட்டாளத்தின் முன்னாள் வீரர்கள் சங்கத்தை நாசவேலை அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. வேலை போயிற்று, கடவுச்சீட்டு போயிற்று, அக்கம்பக்கத்து வீடுகளில் புலனாய்வாளர்கள் வந்து விசாரித்தார்கள். ஹிட்லரை அமெரிக்கா எதிர்க்கத் துணிவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே எதிர்த்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

சுவிட்சர்லாந்திலிருந்து போன சுமார் 800 பேரில் திரும்பிவந்தவர்களை ராணுவ நீதிமன்றங்கள் விசாரித்துச் சிறையில் தள்ளின. அந்தத் தண்டனைகளை அந்நாட்டு நாடாளுமன்றம் 2009-ல்தான் நீக்கியது. போன தேதிக்கும் மன்னிப்பு வந்த தேதிக்கும் இடையே எழுபது ஆண்டுகள். கனடாவிலிருந்து வந்தவர்கள் 1,500 பேருக்கும் மேல். அவர்களை அந்த அரசு போர்வீரர்களாகவே ஏற்கவில்லை, ஓய்வூதியம் கிடையாது. தலைநகர் ஓட்டாவாவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழும்ப 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரும்புத்திரைக்கு அப்பால் மட்டும் நிலைமை மேலாக இருந்ததா? கிழக்கு ஜெர்மனியில் அவர்கள் பெயரில் தெருக்கள் இருந்தன, சிலை இருந்தது. யுகோஸ்லாவியாவில் டிட்டோவின் விடுதலைப் படைகள் நான்கையும் நடத்தியவர்கள் ஸ்பெயினில் போர் கற்றவர்களே. ஆனால் ஸ்டாலினின் சந்தேகப் பார்வை விழுந்தவுடன், ஸ்பெயினில் இருந்தவன் என்பதே குற்றச்சாட்டாக மாறிவிட்டது. வெளிநாட்டவரோடு பழகியவன், எனவே உளவாளியாக இருக்கலாம்! ஹங்கேரியில் ராக்கோசி பட்டாளத்தின் அரசியல் பொறுப்பாளராக இருந்த லாஸ்லோ ராய்க், நாட்டின் அமைச்சராகவும் இருந்தவர், 1949 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். 1952-ல் பிராகாவில் நடந்த போலி விசாரணையில் இன்னொரு ஸ்பெயின் தொண்டரான ஆர்தர் லண்டனுக்கு ஆயுள் தண்டனை. மேற்கே அவர்களைக் கம்யூனிஸ்ட் என்று துரத்தினார்கள். கிழக்கே கம்யூனிஸ்ட் அல்ல என்று கொன்றார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் சிலை வைத்துத் தேவைப்படாதவர்களைப் புதைக்கிற அந்த நினைவுகூரலை நான் நினைவுகூரல் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்த இடத்தில் மாஸ்கோவின் பெட்டிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். படையணிகள் கலைந்தபோது அவற்றின் காகிதங்கள் கம்யூனிஸ்ட் அகிலத்தின் வழியாக மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆள்பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, சம்பளப் பதிவு, படம், கடிதம். அரை நூற்றாண்டு அவை பூட்டிக் கிடந்தன. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கதவு திறந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் லிங்கன் பட்டாளத்தின் கோப்புகளை நுண்படச்சுருளில் பிரதியெடுத்து நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கோப்புகளைத் திறந்தபோது குடும்பங்களுக்குக் கிடைத்தது தேனும் நஞ்சும் கலந்த ஒன்று. பல தாள்களை எழுதியவர்கள் கட்சியின் கண்காணிப்பாளர்கள். ஒவ்வொரு தொண்டனுக்கும் மதிப்பீடு போட்டிருந்தார்கள்: இவன் நம்பகமானவன், இவன் கட்டுப்பாடற்றவன், இவன் குடிக்கிறான், இவன் கேள்வி கேட்கிறான். தாத்தாவை வீரனாக மட்டுமே அறிந்த ஒரு பேத்தி, அவர் முன்னணியிலிருந்து ஒருமுறை ஓடிப்போய்ப் பிடிபட்டவர் என்பதை அந்தத் தாளில்தான் படிக்கவேண்டியிருக்கும். உளவு பார்க்க எழுதியதே இன்று அவர் இருந்தார் என்பதற்கு எஞ்சிய சான்று. சான் பெத்ரோவிலும் இதே நிலைதான். பிராங்கோவின் ராணுவ மனநல மருத்துவர் வயேஹோ நாகெரா, மார்க்சியம் ஒரு மனநோய் என்று நிறுவுவதற்காக அந்தக் கைதிகளின் தலையை அளந்து கேள்விப்பட்டியல் நிரப்பினார். கைதிகளோ காவலர் கண்ணில் படாமல் கையாலேயே ஒரு செய்தித்தாள் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். என்னைக் கேட்டால், மருத்துவரின் அளவைகளைவிட அந்தக் கையெழுத்துத் தாளே ஆயிரம் மடங்கு பெரிய ஆவணம்.

ஓடிப்போனவர்களையும் மறைக்கக்கூடாது. படையணிகளுக்குள் சந்தேகமும் கொடுமையும் இருந்தன. அல்பசெத்தே தளத்தின் தலைவர் ஆந்த்ரே மார்த்தியின் பெயரைக் கேட்டால் தொண்டர்களே நடுங்கினார்கள். தப்பியோட முயன்றவர்களில் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எல்லோரும் கொள்கைக்காகவே வந்தவர்கள் என்றும் சொல்லமுடியாது. பிரிட்டனின் கடைசித் தொண்டராக 2019-ல், 99 வயதில் மறைந்த ஜெஃப்ரி செர்வான்ட், லண்டன் மதுக்கடை ஒன்றில் கட்டிய 100 பவுன் பந்தயத்துக்காகக் கிளம்பிப் போனவர். போனவர் பீரங்கிப் படையில் நின்று போரிட்டார். நினைவைக் காப்பவர்கள் இவற்றையும் சேர்த்தே காக்கவேண்டும். கறையைக் கழுவிவிட்டு வைத்த நினைவு, எதிரி ஒரே ஒரு தாளைக் காட்டியதும் சரிந்துவிடும்.

சரி, காத்தவர்களிடம் வருவோம். முதல் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிவந்த தொண்டர்களே. 1938 டிசம்பர் 7-ஆம் தேதி 305 பேர் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் வந்திறங்கினார்கள். வரவேற்கக் காத்திருந்தவர்களில் தொழிற்கட்சித் தலைவர் அட்லியும் ஒருவர். பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் போன சுமார் 2,500 பேரில் 500-க்கும் மேற்பட்டவர்கள் ஸ்பெயின் மண்ணிலேயே தங்கிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் சங்கம் அமைத்தார்கள். சந்தா வசூலித்தார்கள், பிராங்கோவின் சிறையில் கிடந்தவர்களுக்காக ஊர்வலம் போனார்கள், பெயர்ப்பட்டியலைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். கப்பல் கட்டும் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் மருத்துவமனைச் செவிலியும் வேலை முடிந்த மாலையில் செய்த காரியம் இது. 1970-களில் அந்தக் காகிதங்களை லண்டன் கிளார்க்கன்வெல் பகுதியிலுள்ள மார்க்ஸ் நினைவு நூலகத்தில் ஒப்படைத்தார்கள். அமெரிக்காவில் 1979-ல் லிங்கன் படையணி ஆவணக் காப்பகம் தோன்றியது. அதன் சேகரம் இப்போது நியூயார்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. லண்டனிலுள்ள போர் அருங்காட்சியகம் கிழவர்களின் குரலை ஒலிநாடாவில் பதிந்துவைத்தது. காகிதம் சொல்லாததை அந்தக் குரல்கள் சொல்கின்றன. எப்ரோ கரையில் பழுத்திருந்த அத்திப்பழத்தின் ருசி, செத்தவனின் காலணியைக் கழற்றிப் போட்டுக்கொண்ட கூச்சம் போன்றவை அரசுக் கோப்பில் எங்கே இருக்கும்?

படங்களுக்கும் இப்படியொரு பயணம் உண்டு. ராபர்ட் காப்பா, கெர்தா தாரோ, டேவிட் செய்மூர் மூவரும் ஸ்பெயினில் எடுத்த ஏறத்தாழ 4,500 படங்களின் நெகட்டிவ்கள் தொலைந்துபோனதாகவே உலகம் நம்பியிருந்தது. அவை சின்னஞ்சிறு அட்டைப்பெட்டிகளில் மெக்சிகோ நகரத்தில் ஒரு குடும்பத்திடம் பத்திரமாக இருந்தன. 2007 டிசம்பரில் நியூயார்க் வந்து சேர்ந்தன. தாரோ புருனேத்தே போரிலேயே டாங்கி மோதி இறந்தவர். இறந்து எழுபதாண்டு கழித்து அவர் கண்ட காட்சிகளை நாம் காண்கிறோம்.

கல்லும் மெல்ல மெல்ல எழுந்தது. கிளாஸ்கோவில் கிளைட் ஆற்றங்கரையில் கையிரண்டையும் வானோக்கி உயர்த்தி நிற்கிற இபாருரியின் சிலை 1980-ஐ ஒட்டி வந்தது. சிற்பி ஆர்தர் டூலி. வெண்கலத்துக்குப் பணம் போதாமல் கண்ணாடியிழையில் செய்தார்கள். அந்த நகரத்திலிருந்து போய் இறந்த 65 பேரை அது நினைவூட்டுகிறது. லண்டனில் தேம்ஸ் கரையில் இயன் வால்டர்ஸ் வடித்த சின்னம் 1985-ல் திறக்கப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் அங்கே கூடுகிறார்கள். தொண்டர்கள் மறைய மறைய, அவர்களுடைய மகன்களும் பேத்திகளும் சேர்ந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நினைவு அறக்கட்டளை தொடங்கினார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பெயர்க்கல் இருக்கிறது. பெரும்பாலானவை நகரமன்றச் சுவரிலோ, பூங்கா மூலையிலோ, தொழிற்சங்க அலுவலக வாசலிலோ இருப்பவை. ஊர்க்காரர்கள் உண்டியல் குலுக்கி வைத்தவை.

ஸ்பெயினில் பேச்சே எழவில்லை. 1975-ல் பிராங்கோ இறந்தபின், பழையதைக் கிளறவேண்டாம் என்ற உடன்பாட்டின் மேல்தான் ஜனநாயகம் கட்டப்பட்டது. 1977-ன் பொதுமன்னிப்புச் சட்டம் கொன்றவர்களையும் காத்தது. அந்த மௌனத்தை முதலில் உடைத்தவர்களில் அயல்நாட்டுக் கிழவர்களுக்கும் பங்குண்டு. 1996-ல் ஸ்பெயின் அவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. அந்த நவம்பரில் நூற்றுக்கணக்கான முதியவர்கள், சிலர் சக்கர நாற்காலியில், திரும்பிவந்தார்கள். திரும்பி வாருங்கள் என்று 58 ஆண்டுகளுக்கு முன் இபாருரி கொடுத்த அழைப்பு அது. ஆனால் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. ஸ்பெயின் குடியுரிமையை ஏற்றால் சொந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்கவேண்டும். பலர் மனமில்லாமல் விட்டுவிட்டார்கள். 2007-ன் வரலாற்று நினைவுச் சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. 2009 கோடையில் லண்டனிலுள்ள ஸ்பெயின் தூதரகத்தில் ஏழு முதியவர்கள் புதிய கடவுச்சீட்டைக் கையில் வாங்கினார்கள். கடவுச்சீட்டில்லாமல் மலையேறிப் போன தலைமுறை அது. 2022-ல் வந்த ஜனநாயக நினைவுச் சட்டம் அந்த உரிமையைத் தொண்டர்களின் வழித்தோன்றல்களுக்கும் நீட்டியது.

எதிர்ப்பு ஓயவில்லை. 1936 நவம்பரில் முதல் படையணி வகுப்பறைகளுக்குள்ளும் நூலகத்துக்குள்ளும் நின்று போரிட்ட மாட்ரிட் பல்கலைக்கழக வளாகத்தில், 2011 அக்டோபரில் ஒரு நினைவுத்தூண் திறக்கப்பட்டது. சில நாளிலேயே அதன்மேல் கொலைகாரர்கள் என்று சாயத்தால் கிறுக்கினார்கள். கட்டட அனுமதி முறையாகப் பெறவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2013-ல் நீதிமன்றம் அதை அகற்றச் சொன்னது. உலகெங்கும் அறிஞர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். தூண் நிற்கிறது. அதே ஊரில், பிராங்கோ ஆட்சியில் கட்டப்பட்ட பிரமாண்டமான வெற்றி வளைவும் நிற்கிறது. அதற்கு யாரும் அனுமதிச்சீட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே மொராத்தா தெ தஹூஞா என்ற சிற்றூர், ஹராமா போர்க்களத்தின் பின்வாசல். அங்கே ஓர் உணவகத்தை ஒட்டிய அறைகளில், வயலில் பொறுக்கிய துப்பாக்கி ரவை, நசுங்கிய தண்ணீர்க் குப்பி, துருப்பிடித்த இரும்புத் தொப்பி, கரண்டி, பெல்ட் கொக்கி எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை பிப்ரவரியில் பல நாட்டுக் குடும்பங்கள் வந்து ஆலிவ் தோப்புகளுக்கிடையே போர் நடந்த மேட்டுக்கு நடந்துபோகின்றன. ஊர்க்கல்லறையில் ஆயிரக்கணக்கானோர் கிடக்கும் பொதுக்குழிமேல் பூ வைக்கிறார்கள். இபாருரி கேட்டுக்கொண்டது இதைத்தான். ஒரு சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையில் அது நிறைவேறியிருக்கிறது.

லிங்கன் பட்டாளத்தின் கடைசி வீரராக அறியப்பட்ட டெல்மர் பெர்க் 2016 பிப்ரவரியில், நூறு வயதில், கலிபோர்னியாவில் இறந்தார். ஸ்பெயினில் இத்தாலியக் குண்டு சிதறிப் பாய்ந்த ஒரு துண்டு அவர் கல்லீரலில் கடைசிவரை இருந்தது. சாகும்வரை தம்மைக் கம்யூனிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். அவருக்கு நியூயார்க் டைம்ஸ் இதழில் அஞ்சலி எழுதியவர் ஜான் மெக்கெய்ன். வலதுசாரிக் கட்சியின் செனட்டர்; வியட்நாமில் கம்யூனிஸ்டுகளின் சிறையில் ஐந்தாண்டு கிடந்தவர். கொள்கையில் எதிர்த்துருவமான ஒருவருக்கு அவர் வைத்த வணக்கத்தைப் படித்தபோது, 1947-ன் பட்டியலுக்கு ஒரு சிறு பரிகாரம் கிடைத்ததாக உணர்ந்தேன். 2021 மே மாதம் ஹோசெப் அல்முதேவெர் பிரான்சில் 101 வயதில் கண்மூடினார். உலகிலேயே கடைசியாக எஞ்சியிருந்த சர்வதேசத் தொண்டர் என்று அவரைத்தான் சொன்னார்கள். இனி கேட்பதற்கு ஆளில்லை. இருப்பவை காகிதமும் கல்லும் ஒலிநாடாவும்தான்.

நம் பக்கம் வருகிறேன். இந்தியாவிலிருந்து ஸ்பெயினுக்குப் போனவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். டாக்டர் மோகன்லால் அட்டல் அங்கே காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1938-ல், சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். டாக்டர் கோட்னிஸ் அந்தக் குழுவில் ஒருவர். டாக்டர் அயூப் அகமது கான் நக்ஷபந்தி, டாக்டர் மனுவேல் பிந்தோ ஆகியோரும் போனார்கள். எழுத்தாளர் முல்க்ராஜ் ஆனந்த் போனார். 1938 ஜூனில் ஜவஹர்லால் நேரு, கிருஷ்ண மேனனோடு பார்சிலோனாவுக்குப் போய், விமானக் குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் ஐந்து நாள் தங்கினார். பெரும்பாலான அரசுகள் கைவிட்ட ஒரு குடியரசுக்கு, தனக்கே சுதந்திரம் இல்லாத ஒரு நாட்டின் தலைவர் ஆறுதல் சொல்லப் போன அந்த ஐந்து நாளுக்கு நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது இருக்கவேண்டும்.

ஆய்வாளர்கள் தரும் இந்தியத் தொண்டர்களின் பட்டியலில் இன்னொரு பெயரும் வருகிறது: ராமசாமி வீரப்பன். எந்தத் தமிழ்க்காதும் அந்தப் பெயரைக் கேட்டு நிமிராமல் இருக்காது. கிளாஸ்கோ தொழிலாளிக்குக் கரையில் சிலை இருக்கிறது. ஹுத்தாரைப் பற்றிக் கட்டுரைகள் இருக்கின்றன. இந்தப் பெயருக்கும் ஓர் ஊர் வேண்டும், ஒரு முகம் வேண்டும். 1930-களில் ஐரோப்பா போன தாத்தா, பெரியப்பா, கப்பலில் வேலைக்குப் போய் நாடு திரும்பாத உறவினர் என்று யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், பரணில் கிடக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்பானிய அஞ்சல்தலை ஒட்டிய உறையோ, ராணுவ உடையில் எடுத்த படமோ இருந்தால் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இதழ் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

(தொடரும்)